சத்தமாகச் சொல்ல ஒரு ஜெர்மன் பெயர்

போன சனிக்கிழமை இங்கே மொன்றியலில், ஜான்-டலோன் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஹேபன்ஸ்ட்ரைட்! உங்கை போகாதை! ஹேபன்ஸ்ட்ரைட், நில் எண்டுறன்!"

சொல் ஜெர்மன். குரல் சுத்த யாழ்ப்பாணம். திரும்பிப் பார்த்தால் எங்கள் குலம் அண்ணை. ஒரு கையில் கீரைக்கட்டு, மறு கையால் கழன்று விழப் பார்க்கும் தொப்பியைப் பிடித்தபடி, பேரனைத் துரத்திக்கொண்டு வருகிறார். பேரன் இப்போதுதான் ஓடப் பழகியிருக்கிறான். நேரே தக்காளிப் பெட்டிகளை நோக்கிப் போகிறான்.

நான் கத்தரிக்காயைக் கீழே வைத்துவிட்டேன். இந்தப் பெயரைக் குலம் அண்ணை வாயால் கேட்பேன் என்று நினைத்ததே இல்லை. அந்தப் பெயர் தன் பேரப்பிள்ளைக்கு வந்தால் தான் வீட்டை விட்டு வெளியே போய்விடுவதாக, என் வீட்டுக் குசினியில் நின்று சத்தியம் செய்த மனிதர் அவர்!

விஷயத்தை முதலில் இருந்து சொல்லிவிடுகிறேன்.

குலம் அண்ணை பார்க்-எக்ஸ்டென்ஷனில் எனக்கு முன்வீட்டுக்காரர். அவருடைய மகன் பிரதீபன் கல்யாணம் செய்தது லீனா என்ற பெண்ணை. லீனாவின் தகப்பன் வெர்னர் ஹேபன்ஸ்ட்ரைட். இளம் வயதில் ஜெர்மனியிலிருந்து மொன்றியலுக்கு வந்தவர். லிஃப்ட் திருத்தும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்தபின் பக்கத்து நகரமான லவாலில் தனியாக இருக்கிறார்.

லீனா கர்ப்பமாக இருந்தபோது ஒரு ஞாயிறு மத்தியானம் சம்பந்திகள் இருவரும் குலம் அண்ணை வீட்டில் சந்தித்தார்கள். சாப்பிட நானும் போயிருந்தேன். வெர்னர் ஆட்டிறைச்சிக் கறியின் உறைப்பை மூன்றாவது கிளாஸ் தண்ணீரோடு சமாளித்துக்கொண்டிருந்தார். சும்மா இருக்க முடியாமல் நான்தான் கேட்டேன் — உங்கள் பெயருக்கு அர்த்தம் என்ன?

வெர்னர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்.

"சொல்ல வெட்கம்தான். 'சண்டையைத் தொடங்கு' என்று அர்த்தம். பல நூறு வருஷங்களுக்கு முன் எங்கள் முன்னோர் ஒருவர் போகிற இடமெல்லாம் சண்டை பிடித்திருக்க வேண்டும். ஊர்க்காரர் வைத்த பெயர். அப்படியே ஒட்டிக்கொண்டது."

எங்கள் ஊர்களிலும் ஒழுங்கைக்கு ஒருவருக்குப் பட்டப்பெயர் உண்டு. ஆனால் நாம் நாகரிகமானவர்கள் — ஆள் தூரப் போன பிறகுதான் சொல்வோம். ஜெர்மன்காரர் என்ன செய்தார்கள்? பட்டப்பெயரைப் பதிவேட்டில் எழுதி, பிள்ளைகுட்டிக்கும் கொடுத்து, பாஸ்போர்ட்டிலும் அச்சடித்துவிட்டார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வெர்னரைப் போலச் சாதுவான ஆளை நான் பார்த்ததில்லை. மெட்ரோவில் யாராவது தன் காலை மிதித்தால், தானே 'பார்தோன்' என்று மன்னிப்புக் கேட்கிற மனிதர். சண்டை பிடிக்கிற பொறுப்பை இந்தக் குடும்பத்தில் குலம் அண்ணைதான் ஏற்றிருக்கிறார். பனி அள்ளுகிற லாரிக்காரனோடு ஒன்று, மூலையில் பாலும் பாணும் விற்கிற தெபனர் கடைக்காரரோடு ஒன்று... நாளுக்கொரு சண்டை.

"பேரைப் பிள்ளைக்கும் வைக்கலாம் என்று லீனா சொல்கிறாள்," என்றார் வெர்னர். "என் தம்பி பிள்ளையில்லாமல் இறந்துவிட்டான். எங்கள் கிளையில் இனி நானும் லீனாவும்தான். என்னோடு முடிந்தால் பரவாயில்லை. முடியாமல் இருந்தால் நன்றாக இருக்கும்."

கியூபெக்கில் இது சாதாரணம். இங்கே பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் தங்கள் சொந்தப் பெயரோடுதான் இருப்பார்கள். பிள்ளைக்குத் தாயின் பெயரையும் கொடுக்கலாம், தகப்பனின் பெயரையும் கொடுக்கலாம், இரண்டையும் சேர்த்தும் கொடுக்கலாம்.

குலம் அண்ணைக்கு இது சாதாரணமாகப் படவில்லை.

"அது சரிவராது. பேரப்பிள்ளைக்கு எங்கடை குடும்பப் பேர்தான். கந்தையா!"

நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் வெர்னர் மரியாதையாகக் கேட்டார். "அது எவ்வளவு பழைய பெயர்?"

"என்ரை ஐயான்ரை பேர்."

"அவருக்கு முன்னால்?"

"அவற்ரை ஐயான்ரை பேர். அதுக்கு முன்னாலை அவற்ரை ஐயான்ரை."

வெர்னர் யோசித்தார். "அப்படியானால் நீங்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு பெயரை விட்டுவிட்டுத்தானே வருகிறீர்கள்? இதையும்..."

மிச்சத்தை அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. அந்த லிஃப்ட் மனிதர் எங்கள் அஸ்திவாரத்தையே கழற்றிக் கையில் வைத்திருந்தார். நமக்கு ஏது குடும்பப் பெயர்? வெளிநாட்டுக்காரன் படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. அப்பாவின் பெயரைப் போட்டோம். அதற்குப் பிறகு மகனும் கந்தையா, பேரனும் கந்தையா.

குலம் அண்ணை கோப்பையை எறிவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் எறியவில்லை. குரலை இறக்கிவிட்டார்.

"அது குடும்பப் பேர் இல்லை. அது என்ரை ஐயா. அவர் செத்த நேரம் எனக்கு இஞ்சை அகதிக் கேஸ் நடந்தது. போனால் திரும்பி வரேலாது. போகேல்லை. கொள்ளி வைச்சது ஒண்டைவிட்ட தம்பி. இஞ்சை ஆராவது 'மிஸ்டர் கந்தையா' எண்டு கூப்பிடேக்கை, ஒருக்கா அவர் வந்து பக்கத்திலை நிக்கிற மாதிரி இருக்கும். அதுவும் போனா, அவற்ரை எண்டு என்னட்டை என்ன கிடக்கு?"

அதையும் நான்தான் ஆங்கிலத்தில் சொன்னேன். வெர்னர் கையிலிருந்த கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று பாயாசம் யாரும் சாப்பிடவில்லை.

அடுத்த நாள்தான் குலம் அண்ணை என் குசினிக்கு வந்து அந்தச் சத்தியத்தைச் செய்தார். பிறகு பிள்ளை பிறக்கும் வரை சம்பந்திகள் காலநிலை பற்றி மட்டும் பேசினார்கள். மொன்றியலில் அதற்குப் பஞ்சமில்லை.

இத்தனை கலவரத்திலும் பிள்ளையைப் பெறப்போகிறவர்களின் அபிப்பிராயத்தை யாராவது கேட்டார்களா? கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு லீனாதான் சொன்னாள்.

"மாமா, குடும்பப் பெயர் ஹேபன்ஸ்ட்ரைட்."

குலம் அண்ணையின் முகம் இறுகியது.

"பிள்ளையின் பெயர் கந்தையா."

அண்ணை கதிரையில் இருந்துவிட்டார். அழுதார். கேட்டதற்குத் தடிமன், மூக்கு ஒழுகுது என்றார். வெர்னரோ ஜன்னல் பக்கம் திரும்பி நின்று 'கந்தையா ஹேபன்ஸ்ட்ரைட், கந்தையா ஹேபன்ஸ்ட்ரைட்' என்று பாடமாக்கிக்கொண்டிருந்தார். அன்று சாயந்தரம் இரண்டு பேரும் ஒரே காரில் வீட்டுக்குப் போனார்கள்.

சுபம் என்று போட்டுவிடலாமா? அதுதான் இல்லை.

பிள்ளையைப் பகலில் பார்த்துக்கொள்வது அண்ணையும் அவர் மனைவி ராணி அக்காவும். ராணி அக்கா மாமனாரின் பெயரைத் தன் வாழ்நாளில் உச்சரித்ததில்லை. வங்கியில் கணவனின் முழுப்பெயரைக் கேட்டால், அண்ணையை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் நிற்பார். அவர் எப்படிப் பேரனைக் கூப்பிடுவது? அண்ணையின் பாடு அதைவிடச் சங்கடம். பெற்ற தகப்பனின் பெயரைச் சொல்லி 'டேய், மூக்கைத் துடை' என்று சொல்ல நாக்கு வருமா?

ஆரம்பத்தில் இருவரும் பிள்ளையை 'ஐயா' என்று கூப்பிட்டுச் சமாளித்தார்கள். ஐயா பால் குடியுங்கோ, ஐயா நித்திரை கொள்ளுங்கோ. தவழும் வரை இது அழகாகத்தான் இருந்தது. நடக்கத் தொடங்கியதும் நிலைமை மாறிவிட்டது. 'ஐயா, டிவியை இழுத்து விழுத்தாதேங்கோ' என்று கும்பிடாத குறையாகச் சொன்னால் எந்தப் பிள்ளை கேட்கும்?

பிள்ளைக்கு இருப்பதோ இரண்டு பெயர். ஒன்றைச் சொல்ல முடியாது. மற்றது...

இப்போது எங்கள் தெரு முழுக்க அந்தப் பெயர் தெரியும். தெபனர் கடைக்காரர் பிள்ளையைக் கண்டதும் 'போன்ஜூர் ஹேபன்ஸ்ட்ரைட்' என்கிறார். ராணி அக்கா பல்கனியில் நின்று அதைக் கூப்பிடும்போது பக்கத்து வீட்டு நாய் எழும்பி நிற்கிறது. ஒருநாள் வெர்னர் காரை நிறுத்திவிட்டு இறங்காமலே இருந்ததைப் பார்த்தேன். பக்கத்தில் போய் என்ன என்று கேட்டேன். "கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்," என்றார். "என் பெயரை ஒரு தெரு முழுக்கச் சொல்லி நான் கேட்டதே இல்லை."

சந்தையில் அண்ணை ஒருவழியாகப் பேரனைப் பிடித்துவிட்டார். சேதம் ஒரு தக்காளிதான். மூச்சு வாங்கியபடி அவனைத் தூக்கித் தோளில் சாய்த்து, "ஐயாவுக்குக் கால் நோகுதோ?" என்று காதுக்குள் கேட்டார்.

நான் விடவில்லை. "என்ன அண்ணை, இந்தப் பேர் வந்தா வீட்டை விட்டுப் போறன் எண்டனீங்கள்?"

குலம் அண்ணை என்னை விசர் பிடித்த ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"கொஞ்சுறதுக்கு என்ரை ஐயா இருக்கிறார். ஏசுறதுக்கும் ஒரு பேர் வேணுமெல்லே!"