மாதா தாண்டாத வீடு

சென்ற ஆண்டு ஜூன் பதினான்காம் தேதி, சனிக்கிழமை, மாலை நான்கரை மணி. எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்களின் ஜெபக் குழுவான அன்பியத்தின் தலைவி லூர்து டீச்சர், செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே என் அம்மாவிடம் சொன்னார்:

“இன்னிக்கு மாதா உங்க வீட்டுக்கு வர வேண்டாம். ரோசலி வீட்ல இருந்து நேரா நாளைக்கு எங்க வீட்டுக்கு வந்துரட்டும். விஷயம் பரவுமுன்ன, திங்கக்கிழமை டவுனுக்குக் கூட்டிட்டுப் போயி முடிச்சிருங்க. நல்லதுக்குத்தான் சொல்லுதேன்.”

அவர் ‘விஷயம்’ என்றது என் அக்கா ஜெனோவாவின் வயிற்றில் இருந்த குழந்தையை.

அக்காவுக்கும் ஒரு மாலுமிக்கும் திருமணம் நிச்சயமாகி, கோயிலில் திருமண அறிவிப்பான முதல் ஓலையும் வாசித்தாகிவிட்டது. இரண்டாம் ஓலைக்குள் அவர் கப்பலேறினார். குழந்தை உண்டானதை அறிந்த நாள் முதல் அக்காவின் அழைப்பை அவர் எடுக்கவில்லை. அவர் வீட்டார், “யாரு பிள்ளையோ” என்றார்கள். அப்பா கடலிலிருந்து திரும்பி, முகத்தை மூடிப் படுத்துவிடுவார். ஊருக்குப் பயந்த அம்மாவும் டவுன் ஆஸ்பத்திரிதான் வழி என்றிருந்தார். “எனக்கு இந்தப் பிள்ளை வேணும்மா” என்று அக்கா சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

எங்கள் தெருவில் மாதா சுரூபம் வீடு வீடாகச் சுற்றிவரும். மாலையில் ஜெபமாலை, இரவு அங்கேயே தங்கல், மறுநாள் அந்த வீட்டாரே அடுத்த வீட்டுக்குச் சுமந்து செல்வார்கள். சாவு விழுந்த வீட்டைக்கூட அது தாண்டியதில்லை. எங்கள் வீட்டைத் தாண்டச் சொன்னவர் யார்? கருவிலிருக்கும் குழந்தைகளுக்காக மாதந்தோறும் எங்களை முழங்காலிட வைத்த அதே டீச்சர்.

கோபத்தில் அறைக்கதவை அடித்துச் சாத்தினேன். குரலை உயர்த்திப் பழகாத நான் ஆண்டவரிடம் உயர்த்தினேன். “அந்த உயிரை உருவாக்கியவர் நீர் என்று எனக்குக் கற்பித்தவர்களே அதை முடித்துவிடச் சொல்கிறார்கள். எனக்கு ஆறுதல் வேண்டாம். ஒரு மனுஷி போதும். அனுப்பும்.” ஆமென் சொல்லவில்லை.

ஜெபமாலை நேரம். வாசலில் பக்கத்து வீட்டு ரோசலி அத்தை நின்றார். சாக்கடைத் தகராறில் எங்களோடு பேச்சை நிறுத்தியவர். கையில் மாதா.

“ஏளா, வழிய விடு. கை வலிக்குது.”

“டீச்சர் வேண்டாம்னாங்களே…” என்றார் அம்மா.

“மாதா என்ன, டீச்சர் வீட்டு வேலக்காரியா? கல்யாணத்துக்கு முந்தி மாசமா நின்னவதானளா இந்த மாதாவும். அன்னிக்கும் ஒரு ஊரு கதவச் சாத்துச்சு. நம்ம தெருவும் சாத்தணுமாக்கும்?”

பிறகு அக்காவைப் பார்த்துக் கேட்டார்: “உனக்குப் பிள்ள வேணுமா?”

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை. அக்கா தலையசைத்தாள்.

“அப்போ செக்கப்புக்கு நான் கூட்டிட்டுப் போறேன். எவ பேசுதான்னு பாப்போம். என் வாய்க்கு இந்தத் தெருவே பயப்படும்.”

அம்மா உடைந்து அழுதார்.

“அழுது முடிச்சிட்டு ஜெபமாலைய எடு. சாக்கடைச் சண்டை தனி. அத நாளைக்கு வச்சிக்கிடுவோம்.”

திங்கட்கிழமை யாரும் டவுனுக்குப் போகவில்லை. பேறுவலி கண்ட நாளிலும் அக்காவின் கையைப் பிடித்திருந்தவர் ரோசலி அத்தைதான். பெண் குழந்தை. இன்று அப்பா அவளைத் தோளில் தூக்கிக் கடற்கரைக்குப் போய், வள்ளத்தைக் காட்டுகிறார். மாலுமியிடமிருந்து பதில் இல்லை. ஆண்டவருக்கு நான் நன்றி சொல்லாத நாளில்லை. ஆனாலும் என் கோபம் தணியவில்லை. தணிய வேண்டுமென்று நான் ஜெபிப்பதும் இல்லை.

சகோதர சகோதரிகளே, கருவிலிருக்கும் உயிருக்காக ஜெபிக்கிறீர்களா? ஜெபியுங்கள். அதைச் சுமப்பவளின் வாசலுக்கும் போங்கள். தனியே நிற்கும் சகோதரியே, அழ முடியாவிட்டால் கோபத்தோடாவது அவரிடம் கேள். அவர் செவிகொடுக்கிறார். நாம் நினையாத வீட்டிலிருந்து ஆளை அனுப்புகிறார்.

ரோசலி அத்தை மாதாவைக் கொண்டுவந்த அந்தச் சனிக்கு மறுநாள் ஞாயிறு. மாதாவை அடுத்த வீட்டுக்குக் கொண்டுசெல்லும் முறை எங்களுடையது. அடுத்த வீடு லூர்து டீச்சருடையது. தெருவே காலைப் பூசைக்குப் புறப்பட்டு நிற்கும் நேரம் பார்த்து, சுரூபத்தை அக்காவின் கைகளில் கொடுத்து, அவளோடு நடந்தேன். டீச்சரின் கதவை நான் தட்டினேன்.