பெருமுக்கல் ஏற்றத்தில் நான் பிடுங்கிய ஃபியூஸ்

அருள்தாஸின் பாட்டரி சைக்கிளிலிருந்து ஃபியூஸைப் பிடுங்கியவன் நான்தான். அது மேடு பள்ளத்தில் ஆடிக் கழன்று விழவில்லை. இந்தக் கையால் நான் பிடுங்கினேன்!

இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

மரக்காணத்தில் எனக்கு ஒரு சைக்கிள் கடை. உப்பளத்தில் வேலை செய்யும் சிலரும் நானும் ஞாயிறுதோறும் சைக்கிளில் பெருமுக்கல் மலைக்குப் போவோம். மலையின் பின்புறம் ஆடு மேய்ப்பவர்கள் நடந்து நடந்து உண்டான ஒற்றையடிப் பாதை ஒன்று உண்டு. கல்லும் வேருமாகக் கிடக்கும் அதில், சைக்கிளை விட்டு இறங்காமல் மிதித்தே ஏறுவது எங்கள் விளையாட்டு. எப்போதும் முதலில் ஏறுகிறவன் அருள்தாஸ். மூட்டை சுமந்து உரமேறிய கால்கள் அவனுக்கு. நான் எப்போதும் இரண்டாவது.

லாரியில் உப்பு மூட்டை ஏற்றும்போது பலகை வழுக்கி விழுந்து அவன் முழங்கால் உடைந்தது. அதன்பின் ஓராண்டுக்கு மேல் நானே முதல்... வருத்தப்பட்டேனா? பட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் இல்லை.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டுப் பொங்கல் கழிந்ததும் அவன் திரும்பி வந்தான். புதுச்சேரியில் இருக்கும் அவனுடைய மச்சான் வாங்கிக் கொடுத்த பாட்டரி சைக்கிளில்! சமதரையில் மிதிக்கலாம், ஏற்றத்தில் கைப்பிடியைத் திருகினால் மோட்டார் இழுக்கும்.

மோட்டார் வைத்த வண்டியை அந்தப் பாதையில் விடக்கூடாது என்று நான்தான் முதலில் சொன்னேன். கனத்த சக்கரம் மண்ணைப் பறித்துவிடும், மிதித்து ஏறுகிறவர்களுக்கு அது அநியாயம், இன்று பாட்டரி வந்தால் நாளை பெட்ரோல் வரும் என்றெல்லாம் வாதாடினேன். ஒன்றும் பொய்யான வாதம் இல்லை. ஆனால் அவற்றைப் பேசியது என் நியாயமா, என் பொறாமையா? உங்களுக்குத் தெரிகிறது. எனக்கு அன்றே தெரிந்திருந்தது...

எங்களில் மூத்தவர் கோவிந்தன் அண்ணன். சொந்தமாகக் கொஞ்சம் உப்பளம் வைத்திருப்பவர். அவர் முடிவாகச் சொன்னார்: "ஏம்பா, ஏன் சண்டை? வர்ற ஞாயித்துக்கிழமை ஏறிக் காட்டட்டும். பாதை கெடலேன்னா வரட்டும். கெட்டுச்சுன்னா வேணாம்."

அந்த ஞாயிறு மலையடிவாரக் கடையில் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். காற்று குறைந்திருக்கிறதா பார்க்கிறேன் என்று சொல்லி நான் சைக்கிள்களிடம் வந்தேன். அவனுடைய சீட்டுக்குக் கீழே இருந்த பெட்டியைத் திறந்தேன்...

ஏற்றம் தொடங்கும் இடத்தில் அருள்தாஸ் கைப்பிடியைத் திருகினான். மோட்டார் அசையவில்லை. மறுபடி திருகினான். நான் சத்தமாகவே சொன்னேன்: "இதத்தான் சொன்னேன். மெஷின நம்பி மலைக்கு வரக்கூடாது."

திரும்பிப் போவான் என்று நினைத்தேன். அவன் மலையைப் பார்த்தான். உடைந்து கூடிய காலை மிதிகட்டையில் வைத்தான். மிதித்தான்!

உயிரில்லாத பாட்டரியின் பாரத்தோடு அந்த வண்டி ஏறியது. பாறை வளைவில் வண்டி நின்றேவிட்டது. அவன் முழங்கால் நடுங்குவது பின்னால் வந்த எனக்குத் தெரிந்தது. ஒரு காலைத் தரையில் ஊன்றி மூச்சு வாங்கினான், இறங்கவில்லை. விலகி முந்திப் போக எனக்கு இடமிருந்தது. போகவில்லை. என்னை அறியாமல் என் வாய் கத்தியது: "மிதிடா அருளு... மிதி!"

யார் கத்தியது அது? அவனைத் தடுக்க வந்த நானா?

அவன் மிதித்தான். எல்லோரும் கூடவே கத்திக்கொண்டு ஏறினோம். உச்சியில் அவன் சைக்கிளோடு சாய்ந்தபோது நாலு பேர் தாங்கிப் பிடித்தார்கள். கிழக்கே வெகுதூரத்தில் எங்கள் உப்பளங்கள் வெயிலில் வெள்ளையாய் மின்னின. அவன் அழுதான், சிரித்தான். நானும் அழுதேன். என் வாழ்நாளில் அப்படியொரு வெற்றியை நான் பார்த்ததில்லை. என் தோல்விதான் அது. ஆனாலும் இன்று நினைத்தாலும் மார்பு விம்முகிறது!

கோவிந்தன் அண்ணன் வந்த பாதையைத் திரும்பிப் பார்த்தார். சக்கரத் தடம் மற்றவர்களுடையதைப் போலத்தான் இருந்தது. மோட்டார் ஓடாதபோது அது சோதனையே ஆகாது என்று யாரோ முனகினார்கள். "போதும்பா," என்றார் அவர். "இவன் காலப் பாத்தாச்சு. இனிமே பாட்டரி போட்டுக்கிட்டு வரட்டும்."

இறங்கியதும் அருள்தாஸ் வண்டியை என்னிடமே பார்க்கச் சொன்னான். ஃபியூஸை மாட்டிவிட்டு, கழன்று கிடந்தது என்றேன். என் கையைப் பிடித்து நன்றி சொன்னான்.

அந்த முழங்கால் வீங்கி, ஒரு மாதம் அவன் உப்பளத்துக்குப் போகவில்லை. பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன்... கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு சிரித்தான்.

"அன்னிக்கு பாட்டரி ஓடியிருந்தா என் காலுக்குத் தெம்பு இருக்குதுன்னு எனக்கே தெரிஞ்சிருக்காதுடா. கர்த்தர்தான் அத நிறுத்திட்டாரு."

இன்று அந்தப் பாதையில் அவனைப் போல இன்னும் சிலர் பாட்டரியில் ஏறுகிறார்கள். புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் அவன் அந்த நாளைச் சொல்கிறான். கதையில் கர்த்தர் வரும் இடத்தில் என் பக்கம் திரும்பி, "இவன் கூடவே இருந்தான், கேட்டுப் பாருங்க," என்கிறான்.

ஆமாம் என்று சொல்கிறேன். ஒவ்வொரு முறையும்.