கொக்கி அக்கா கிரேனை நிறுத்திய நாள்

எங்கள் மீன்பிடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவரை எல்லோரும் கொக்கி அக்கா என்றே கூப்பிட்டார்கள். பதினெட்டு வருடம் அந்தக் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, படகுகளிலிருந்து மீன்கூடைகளைக் கரைக்கு இறக்கியவர். அவர் இறக்கும் கூடையிலிருந்து ஒரு மீன்கூடத் தவறி விழாது. வாயும் அப்படித்தான், ஒரு வார்த்தை வீணாக விழாது.

அன்று காலை வந்தது அவருடைய தம்பியின் படகு. வெட்டி ஐஸில் வைத்து அடுத்த பயணத்தில் சுறாத் தூண்டிலுக்கு இரையாக்க, ஒரு டால்பினை ஈட்டியால் குத்திக் கொண்டு வந்திருந்தான். அப்போது அது எங்களுக்குச் சாதாரணம். வாலில் கயிறு கட்டி மேலே தூக்கியபோது, அதன் வயிற்றிலிருந்து வெள்ளையாக ஏதோ சொட்டியது. பால்.

அக்கா டால்பினை மெதுவாகத் தரையில் இறக்கினார். ஏணியில் இறங்கி வந்து, கிரேன் சாவியை மேற்பார்வையாளர் கையில் வைத்தார்.

“இனிமே இதத் தூக்க மாட்டேண்ணே.”

“மீனத் தூக்குறதுதானம்மா உன் வேல?”

“மீனு பால் குடுக்குமாண்ணே?”

தம்பிக்கு மூக்குக்கு மேல் கோபம். “ஊரே புடிக்குது. உனக்கு என் படகுதான் கெடச்சுதா?” என்று கத்திவிட்டுப் போனவன், இரண்டு வருடம் அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

அக்காவை ஒரு வாரம் வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். நான் துறைமுக அலுவலகத்தில் எழுத்தர். அந்த வாரம் என் மேசைக்கு முன்னால் வந்து நின்று, “டால்பின் புடிக்கக் கூடாதுன்னு ஒரு மனு அடிச்சுக் குடுங்க” என்றார். அரைப் பக்கம் அடித்துக் கொடுத்தேன். மறுபடி வேலைக்குத் திரும்பிய பிறகு, லீவு நாளெல்லாம் அதை எடுத்துக்கொண்டு படகு படகாக ஏறினார். “டால்பினுக்கு ஓட்டு இருக்காக்கா?” என்று கேலி செய்தார்கள். ஒரு படகோட்டி மட்டும் நியாயமாகக் கேட்டார்: “சரிம்மா, விட்டுடறோம். தூண்டில்ல எத மாட்டுறது? உன் மனுவையா?”

அந்தக் கேள்வி அக்காவைத் தைத்துவிட்டது. மறுநாளிலிருந்து ஏலக்கூடத்தில் வீணாகும் மீன்தலை, குடல் எல்லாவற்றையும் அள்ளி, உப்பிட்டு வாளிகளில் போட்டு வீட்டுக் குளியலறையில் அடுக்கினார். அவர் கணவர் தையல்காரர். “ஊர்ல எல்லாரும் நாத்தம் போகக் குளிக்கிறாங்க. நான் குளிச்சாதான் நாறுறேன்” என்று புலம்பினார். ஆனால் காரியத்தைக் காப்பாற்றியதும் அவர்தான். முதல் சோதனையில் குடலெல்லாம் தண்ணீருக்குள் தூண்டிலிலிருந்து நழுவிவிட, கிழிந்த வலைகளை வெட்டிக் கைப்பிடியளவு குடலை அடைத்துத் தூண்டிலில் மாட்டும் பைகள் தைத்துக் கொடுத்தார். அந்தப் படகோட்டி இருநூறு பைகளோடு கடலுக்குப் போனார். சுறா கொஞ்சம் குறைவுதான். ஆனால் டால்பினைத் துரத்தி அரை நாளும் டீசலும் வீணாகவில்லை. திரும்பி வந்ததும் மனுவில் முதல் கையெழுத்துப் போட்டார்.

இரண்டாம் வருடக் கடைசியில் அந்த மனுவைப் பற்றி முடிவெடுக்கப் படகு உரிமையாளர்கள் கூட்டம் போட்டார்கள். அக்கா இரண்டு நிமிடம் பேசினார். அவர் உட்கார்ந்ததும் தம்பி எழுந்தான். காரியம் கெட்டது என்றே நினைத்தேன்.

“அன்னிக்கு எனக்கு அக்கா மேலதான் கோபம்னு நெனச்சேன். இல்ல. அந்தப் பால நானும் பாத்தேன். பாத்துட்டு, தண்ணி ஊத்திக் கழுவச் சொன்னேன்.”

மனுவுக்கு ஆதரவாகக் கையை உயர்த்தினான். மூன்று கைகள் வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது. எங்கள் துறைமுகத்தில் அதன் பிறகு டால்பின் இறங்கவில்லை.

கடலிலேயே வெட்டிவிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது அக்காவுக்கும் தெரியும். இப்போது லீவு நாட்களில் பேருந்து பிடித்து அடுத்த துறைமுகத்துக்குப் போகிறார். அங்கே காவலாளி உள்ளே விடுவதில்லை. அதனால் வாயிலுக்கு எதிரே உள்ள டீக்கடையில் உட்கார்ந்து, வருகிற படகுக்காரர்களிடம் பேசுகிறார். போன வாரம் நானும் கூடப் போனேன். மாலைக்குள் ஏழு கையெழுத்து விழுந்தது. ஏழாவது ஆள், அக்கா கொண்டுவந்திருந்த இரைப் பைகளில் ஒன்றை எடுத்து மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். பிறகு, “இதுல ஒரு அம்பது கெடைக்குமா?” என்று கேட்டார்.