மூன்று ஏ, மூன்று எஸ்

முதல் தடவை உயர்தரப் பரீட்சை எழுதியபோது என் இலக்கு மூன்று ஏ. அதை நானாக யோசித்து வைக்கவில்லை. பசறையில் எங்கள் கலைப்பிரிவு வகுப்பில் எல்லாருமே மூன்று ஏ என்றுதான் சொன்னோம். குறைத்துச் சொன்னால் படிக்கிற பிள்ளை இல்லை என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். பெறுபேறு வந்தபோது எனக்குக் கிடைத்தது ஒரு சி, இரண்டு எஸ். எஸ் என்றால் கடைசிப் படித் தேர்ச்சி; மூன்று பாடமும் சித்திதான். ஆனால் பல்கலைக்கழகத்துக்கு அது எந்த மூலைக்கு?

கொழும்புக்கு வேலைக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அண்ணன் அங்கே ஒரு துணிக்கடையில் நிற்கிறார். எனக்கும் ஓர் இடம் பார்ப்பதாகச் சொன்னார். தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்த அம்மா, "ஒன் இஷ்டம்" என்றார்.  ஏன் என்று கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

அண்ணிதான் என்னை விடவில்லை. ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். என்னைவிட நான்கு வயது மூத்தவர். உயர்தரம் படித்துக்கொண்டிருந்தபோதே கல்யாணமாகிவிட்டதால் பரீட்சை எழுதவில்லை. இப்போது இடுப்பில் இரண்டு வயது மகள். ஒருநாள் துணி காயப்போடும்போது, "நான் இந்த வருஷம் பள்ளிக்கூடத்துல சேராம வெளியில இருந்து எழுதப் போறேன். தனியா போகப் பயமா இருக்கு. நீயும் வா" என்றார்.

"எத்தனை எடுக்கப் போறீங்க?" என்று கேட்டேன்.

"மூணு எஸ்."

நான் சிரித்துவிட்டேன். அண்ணிக்குக் கோபம் வரவில்லை.

"சிரிக்காத. மூணும் சித்தியானா வீட்டுல இருந்தே படிக்கிற வெளிவாரிப் பட்டத்துக்குப் பதியலாம். எனக்கு அது போதும். ஒனக்கு என்ன வேணும்?"

"மூணு ஏ."

"எதுக்கு மூணு ஏ?"

  பல்கலைக்கழகம் போக எவ்வளவு வேண்டும் என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அன்று சாயங்காலமே இருவரும் போனில் எங்கள் பதுளை மாவட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போகத் தேவையான போன வருட வெட்டுப்புள்ளியைத் தேடிப் பார்த்தோம். அந்த எண்ணை வைத்து எந்தப் பாடத்தில் என்ன எடுக்கவேண்டும் என்று எங்களுக்குப் புரியவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் எனக்கு முன் படித்து, கலைப்பீடத்துக்குப் போயிருந்த ஓர் அக்காவுக்கு அழைத்துக் கேட்டேன். அவர் ஒரு ஏ, இரண்டு பி எடுத்துப் போனவராம். "கொஞ்சம் கொறஞ்சாலும் கெடச்சிருக்கும்" என்றார்.

தமிழில் ஏ, இந்து நாகரிகத்தில் பி, புவியியலில் பி. இதுதான் புதிய இலக்கு என்று அண்ணியிடம் சொன்னபோது நெஞ்சில் இருந்த பாரம் பாதி இறங்கியதுபோல் இருந்தது. கனவைக் குறைத்துக்கொண்டோமே என்ற வருத்தம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. எவ்வளவு தூரம் நடக்கவேண்டும் என்று தெரிந்தபின் நடப்பது சுலபம்.

பிள்ளை மத்தியானம் தூங்கும் நேரம்தான் எங்கள் பரீட்சை நேரம். கடந்தகால வினாத்தாளை வைத்துக்கொண்டு, கடிகாரம் பார்த்து எழுதுவோம். இருவருக்கும் அதே மூன்று பாடங்கள் என்பதால், பிறகு ஒருவர் விடையை மற்றவர் திருத்துவோம். முதல் வாரமே என் நோய் என்னவென்று தெரிந்துவிட்டது. புவியியலில் இடவிளக்கப் படத்தில் சமவுயரக் கோடுகளோடு மல்லுக்கட்டி நேரம் முழுவதையும் தின்றுவிடுகிறேன். கடைசிக் கேள்விக்கு இரண்டு வரி எழுதும்போதே நேரம் முடிந்துவிடும். பிறந்ததிலிருந்து ஏற்றத்திலும் இறக்கத்திலும் நடந்தவளுக்குக் காகிதத்தில் எது மேடு, எது பள்ளம் என்று தெரியவில்லை.

"படத்தக் கடைசியா செய். தெரிஞ்சத மொதல்ல எழுது" என்றார் அண்ணி. இவ்வளவுதான். இதை ஏன் எனக்கே செய்யத் தோன்றவில்லை என்று இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது.

அண்ணிக்குத் தமிழ் இலக்கணம் பிடிபடவில்லை. மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே புணர்ச்சி விதிகளைச் சொல்லிப் பார்ப்பார். பிள்ளையும் கூடவே ஏதோ மழலையில் சொல்லும். அம்மா வேலை முடிந்து வந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவார். எங்களைப் படிக்கச் சொல்லி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் ஒருநாள்கூட அசதி என்று சொல்லி அவர் பிள்ளையை எங்களிடமே விட்டதும் இல்லை.

பரீட்சை மண்டபம் பதுளையில். சேர்ந்து விண்ணப்பித்ததால் பரீட்சைச் சுட்டெண்கள் அடுத்தடுத்து வந்தன. அண்ணி எனக்கு முன்மேசை. புவியியல் அன்று நல்ல மழை. தகரக் கூரையில் விழுந்த இரைச்சலில் மேற்பார்வையாளர் சொன்னது பாதி கேட்கவில்லை. படத்தைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு எழுதினேன். எல்லாக் கேள்வியும் முடிந்து படத்துக்கு வந்தபோது நிமிர்ந்து பார்த்தால் இன்னும் நேரம் இருந்தது. முன்னால் அண்ணி கையை உயர்த்தி மேலதிகத் தாள் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று எஸ் போதும் என்ற ஆள்!

பெறுபேறு வெளியான அன்று எங்கள் போன்களில் பக்கம் திறக்கவே இல்லை. அண்ணன் கொழும்பிலிருந்து பார்த்துவிட்டு அழைத்தார்.

"யாரோடத மொதல்ல சொல்ல?"

"தங்கச்சியோடத சொல்லுங்க" என்றார் அண்ணி.

"தமிழ் ஏ. இந்து நாகரிகம் பி. புவியியல் சி."

சி. நினைத்ததைவிட ஒரு படி கீழே. அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டே, "எனக்கு?" என்றார்.

"ஒனக்கு ஒரு பி, ரெண்டு சி" என்றார் அண்ணன். "ஏன்டி, மூணு எஸ்ஸுன்னு சொல்லியா என்னைய ஏமாத்துன?"

அண்ணி அப்படியே படியில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது.

என் கதை அன்று முடியவில்லை. அந்த வருடத்து வெட்டுப்புள்ளி வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டியிருந்தது. புவியியல் காலை வாரிவிட்டதோ என்று தினமும் கணக்குப் போட்டேன். ஒரு காலையில் வெட்டுப்புள்ளி வந்தது. மயிரிழையில் தப்பித்திருந்தேன். இரண்டு தடவை பார்த்தேன். பிறகு போனை அண்ணியிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். "கெடச்சிருச்சு" என்று அவர் சொன்ன பிறகுதான் நம்பினேன்.

அம்மா பெரட்டுக்களத்துக்குப் போயிருந்தார். வேலைக்குப் பேர் கொடுத்துவிட்டு மலைக்கு ஏறுவதற்குள் சொல்லிவிடவேண்டும் என்று ஓடினேன். கூடையோடு நின்றவரிடம் மூச்சு வாங்கச் சொன்னேன். பக்கத்தில் நின்ற பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அம்மா மட்டும் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

சாப்பிடவில்லை. வீட்டுக்கு வந்து ரொட்டியும் சம்பலும் தின்றேன். படுத்தேன். பல மாதங்களுக்குப் பிறகு ஒன்றையும் மனதுக்குள் ஒப்பிக்காமல் பகல் முழுவதும் தூங்கினேன்.