சுருளிப்பட்டி ரோட்டில் நான்கு கிலோமீட்டர்

புதன்கிழமை பிற்பகல் இரண்டு பத்துக்குத் தேனி பஸ் நிலையத்தில் கம்பம் பஸ் ஏறினேன். நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் முப்பத்தெட்டு ரூபாய். விடியும் முன்பே திருவாரூரில் கிளம்பி, மதுரையில் மாறி, அன்றைக்கு இது மூன்றாவது பஸ். வீரபாண்டி தாண்டியதும் இரண்டு பக்கமும் மலை வந்து சேர்ந்துகொண்டது. சின்னமனூரில் வாழை. அதற்கப்புறம் நெல், தென்னை, நடுநடுவே திராட்சைப் பந்தல். மேடே இல்லாத சமதரை ஊரில் அறுபத்தோரு வயதாகிவிட்ட எனக்கு, எந்த ஜன்னல் வழியாகப் பார்த்தாலும் மலை தெரிவது விசித்திரமாக இருந்தது.

நான் போனது ஜெய்னம்புவைப் பார்க்க. முன்பு திருவாரூர்ப் பக்கம் ஓர் அஞ்சலகத்தில் ஆறு வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தோம். பிறகு அவள் மாற்றல் வாங்கிக்கொண்டு சொந்த ஊர்ப்பக்கம் வந்துவிட்டாள். இருவரும் ஓய்வு பெற்றாயிற்று. அவள் கணவர் போன வருடம் தவறிவிட்டார். அப்போது என்னால் வர முடியவில்லை. இந்தத் தை மாதம் அவளே போனில் அழைத்தாள். சேலையோடு இரண்டு சுடிதாரும் எடுத்து வரச் சொன்னாள். எதற்கு என்று கேட்டதற்கு, வா சொல்கிறேன் என்றாள்.

மூன்றே முக்காலுக்குக் கம்பம். பஸ் நிலையத்தில் எனக்காக நின்றிருந்தாள். இளைத்திருந்தாள். இரண்டு பேரும் கொஞ்சம் அழுதுவிட்டு டவுன் பஸ்ஸில் ஏறினோம். அதில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. கால் மணி நேரத்தில் காமயகவுண்டன்பட்டி. பஸ்ஸில் இருந்த எல்லோரும் அதைக் கே.கே.பட்டி என்றுதான் சொன்னார்கள்.

அவள் வீட்டு முன்வாசலில் இரண்டு சைக்கிள்கள் நின்றன. ஒன்று கட்டிக்கொடுத்த மகள் பள்ளிக்கூடம் போன பழைய சைக்கிள். இன்னொன்று புதியது, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காதது. டீ குடிக்கும்போது விஷயத்தைச் சொன்னாள். அவர்களுடைய திராட்சைத் தோட்டம் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர்.

“அவுக இருந்தவரைக்கும் பைக்குல கூட்டிட்டுப் போவாக. இப்ப யாராச்சும் அந்தப் பக்கம் போறாகளான்னு வாசல்ல நின்னு பாக்க வேண்டியிருக்கு. எனக்குச் சைக்கிள் ஓட்டக் கத்துக்குடு, கஸ்தூரி. உன்னைய விட்டா யாருகிட்டக் கேப்பேன்?”

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. இருபத்தொன்பது வருடம் வெயில் மழை பார்க்காமல் சைக்கிளில் வேலைக்குப் போனவள் நான். ஆனால் இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில், எனக்குப் பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. இடிக்கவில்லை, உரசக்கூட இல்லை. நான் பதறி ரோட்டோரத்தில் விழுந்தேன். இடது மணிக்கட்டு முறிந்து தகடு வைத்தார்கள். ஆறு மாதத்தில் எலும்பு நன்றாகக் கூடிவிட்டது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வீட்டில் மட்டும் நான் இன்னும் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். என் சைக்கிளை மகன் யாருக்கோ கொடுத்துவிட்டான்.

ஜெய்னம்புவிடமும் அதையே சொன்னேன். கூட ஓடி வந்து பிடித்துக்கொள்கிறேன், மணிக்கட்டு வலியால் ஓட்டிக் காட்ட மட்டும் முடியாது என்றேன். சரி என்று டீ டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஆளுக்கொரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தோட்டத்துக்கு நடந்தோம். மலை பாதிவரைக்கும் பனிக்குள் இருந்தது. திராட்சைக் கொடியைக் கம்பிப் பந்தலில், தலைக்குச் சற்று மேலே ஏற்றி விட்டிருக்கிறார்கள். குனிந்து உள்ளே போனால் பச்சை வெளிச்சம். கறுப்புப் பன்னீர்த் திராட்சை கொத்துக் கொத்தாக நெற்றியில் இடிக்கிறது. இரண்டு பந்தல்களுக்கு நடுவே டிராக்டர் போகிற மண்பாதை நூறடிக்குக் குறையாமல் நேராகப் போனது. விழுந்தால் அவ்வளவாக அடிபடாது.

ஜெய்னம்பு முக்காட்டை ஊக்கு குத்தி இறுக்கிக்கொண்டு புதுச் சைக்கிளில் ஏறினாள். நான் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். ஹேண்டிலைப் பார்க்காதே, தூரத்தில் பார், மிதிப்பதை நிறுத்தாதே என்று என் வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே வந்தது. ஐந்தாவது தடவை கேரியரை விட்டுவிட்டேன். அவள் பதினைந்தடி தூரம் தானாகவே போய், வாய்க்கால் கரையில் மோதி விழுந்தாள்.

அவள் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுச் சிரித்தபடி திரும்பிப் பார்த்தபோது, நான் பாதையில் உட்கார்ந்திருந்தேன். வியர்த்துக் கொட்டியது. அவள் விழுந்த சத்தம் என்னை என்னவோ செய்துவிட்டது. முழங்கையில் சிராய்ப்போடு அவள்தான் ஓடிவந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

“கை வலியெல்லாம் இல்லை, ஜெய்னம்பு. பொய் சொன்னேன். பயமா இருக்கு. சைக்கிளைத் தொட்டாலே பயமா இருக்கு.”

இரண்டு வருடமாகப் பெற்ற பிள்ளையிடம்கூடச் சொல்லாதது. அவள் என் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தாள்.

“தெரியும். நேத்து வந்ததும் தண்ணிக் குடத்த அந்தக் கையிலதான தூக்கி வச்ச. நான் ஒண்ணும் கேக்கலையே.”

பிறகு தன் பயத்தைச் சொன்னாள். அவர் போனதிலிருந்து வீட்டில் ஃபேன் நின்றால்கூடத் திடுக்கிட்டு எழுந்துவிடுகிறாளாம். யாரிடம் சொல்வது, சொன்னால் மகள் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவாள், தோட்டத்தை விட்டு எங்கே போவது என்றாள். வெயில் ஏறும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம். அன்றைக்கு அதற்கு மேல் பாடம் நடக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பகலில் அவள் பழைய சைக்கிளைத் தெருமுனைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். நானும் கூடப் போனேன். கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். விவரத்தைக் கேட்டுவிட்டுச் சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கினார். பிரேக்கைச் சரிபார்த்தார். இருபது ரூபாய் வாங்கினார்.

“உக்காந்தபடிக்கே ரெண்டு காலும் தரையில ஊனும் பாருங்க. மிதிக்க வேணாம். காலால தள்ளிக்கிட்டே போங்க. மிதிக்கணும்னு தோணுறப்ப மிதிச்சாப் போதும்” என்றார்.

சாயங்காலம் நான்கு மணிக்கு அதே மண்பாதை. உட்கார்ந்து, இரண்டு காலாலும் தரையை உந்தி உந்திப் போனேன். வாத்து நடப்பதைப் போலத்தான் இருந்திருக்கும். பந்தலுக்குள் நான்கைந்து பெண்கள் பழம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். இருபத்தொன்பது வருடம் ஓட்டியவளுக்கு அவர்கள் முன்னால் இப்படித் தத்துவது கூச்சமாக இருந்தது. இறங்கிவிடலாம் என்று நினைக்கும்போது, அவர்களில் ஒருத்தி வெளியே வந்தாள். பாதையில் அடுக்கியிருந்த பழப்பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி ஓரமாக வைத்தாள்.

“இங்கன வழி குறுக்கலா இருக்குல்ல, அதான். நீங்க பாட்டுக்குப் போங்கத்தா” என்று சொல்லிவிட்டு மறுபடி பந்தலுக்குள் போய்விட்டாள்.

மூன்றாவது சுற்றோ நான்காவதோ, பாதை லேசாகச் சரிகிற இடத்தில் என் கால்கள் இரண்டும் தரையில் இல்லை. எப்போது தூக்கினேன் என்று தெரியவில்லை. பெடலில் வைத்தேன். மிதித்தேன். வாய்க்கால் கரை வந்ததும் பிரேக் பிடித்து இறங்கி நின்றேன். ஜெய்னம்பு கைதட்டவில்லை. தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்து, இப்போது என்னைப் பிடி என்றாள். இருட்டும்வரை மாற்றி மாற்றி ஓட்டினோம்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் தார் ரோட்டுக்கு வந்தேன். சுருளிப்பட்டி வரைக்கும் போவதாகத் திட்டம், ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர். சுருளி அருவிக்குப் போகிறவர்கள் அந்த ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும். ஜெய்னம்புவுக்கு ரோட்டில் ஓட்ட இன்னும் வராது. பின்னால் வரும் டவுன் பஸ்ஸில் வந்துவிடுவதாகவும், அங்கே டீக்கடையில் பார்க்கலாம் என்றும் சொல்லி அனுப்பினாள்.

ரோட்டின் ஒரு பக்கம் தென்னந்தோப்பு, இன்னொரு பக்கம் அறுவடை முடிந்த வயல். எதிரே மலை. முதல் கிலோமீட்டரில் மூன்று தடவை இறங்கிவிட்டேன். பின்னால் எஞ்சின் சத்தம் கேட்டாலே கை இறுகிவிடும். ஓரம் கட்டி, அந்த வண்டி போகும்வரை நின்று, மறுபடி ஏறுவேன். இரண்டாவது கிலோமீட்டரில் இரண்டு தடவை. ஒரு பாலத்தை இறங்காமலே தாண்டினேன்.

அதற்குச் சற்றுத் தள்ளிப் பின்னால் பஸ் வரும் சத்தம் கேட்டது. இறங்கத் தோதான இடம் இல்லை. ஓரத்தில் கருவேல முள். ஹாரன் வரும், இப்போது வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். வரவில்லை. பஸ் என் வேகத்துக்கே இறங்கி, ஒரு சைக்கிளுக்குப் பின்னால் இன்னொரு சைக்கிள் வருவதுபோல மெல்ல வந்தது. ரோடு அகன்ற இடத்தில் நன்றாக வலது பக்கம் ஒதுங்கி என்னைக் கடந்து போனது. ஜன்னலில் ஜெய்னம்பு இருந்தாள். கையசைக்கவில்லை, கூப்பிடவில்லை. நேராக முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

ஏழு நாற்பதுக்குச் சுருளிப்பட்டி போய்ச் சேர்ந்தேன். டீக்கடைப் பெஞ்சில் இருந்தவள் எழுந்து வந்து ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டாள். பஸ்ஸில் என்ன நடந்தது என்று கேட்டேன்.

“ஏறுனதுமே டிரைவருகிட்டப் போய்ச் சொல்லிட்டேன். முன்னால என் கூட்டாளி சைக்கிள்ல போறாக, ஹாரன் அடிச்சா விழுந்துருவாகன்னு. பஸ்ஸுல இருந்த அம்புட்டுப் பேரும் எந்திரிச்சு உன்னையத்தான் பாத்துட்டு வந்தாக. நான்தான் யாரும் கூப்புடாதீகன்னு சொன்னேன்.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. டீ பத்து ரூபாய். ஆளுக்கு இரண்டு குடித்தோம். அருவிக்குப் போகவில்லை. அதைப் பார்க்காமல் திரும்பியதற்கு, ஊருக்கு வந்த பிறகு பலர் கோபித்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெய்னம்பு மண்பாதையில் யாரும் பிடிக்காமல் ஒரு முறை முழுதாகப் போனாள். அந்தக் கோடியில் திருப்பத் தெரியாமல் இறங்கி, சைக்கிளைக் கையால் தூக்கித் திருப்பி வைத்து, ஏறித் திரும்பி வந்தாள். திருப்பச் சொல்லிக்கொடுக்காமல் கிளம்புகிறாயே என்று குறைப்பட்டாள். சித்திரையில் திரும்ப வருகிறேன் என்றேன். அதற்குள் தானே கற்றுக்கொண்டு திருவாரூருக்கு வந்துவிடுவதாகச் சொன்னாள். இரண்டு கிலோ திராட்சையை ஒரு பையில் கட்டிக் கொடுத்தாள்.

பதினொன்றரைக்குக் கம்பத்தில் தேனி பஸ். எங்கள் ஊரில் நின்ற இடத்திலிருந்தே ரோட்டின் கடைசி வரைக்கும் தெரியும். மேடும் கிடையாது, முள்ளும் குறைவு. அங்கே ஓட்டுவது இதைவிடச் சுலபம்தான். ஆனால் அங்கே எல்லோருக்கும் என்னைத் தெரியும். ஏறி விழுந்தால் நாலு பேர் ஓடிவந்து, இந்த வயதில் உனக்கு எதற்கு என்பார்கள். இங்கே யாரும் அப்படிக் கேட்கவில்லை.

வரும்போது ஜன்னல் வழியே மலையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். போகும்போது மலை ஞாபகமே வரவில்லை. தார் எங்கே முடிகிறது, அதற்கப்பால் மண் எத்தனை அடி, அது தாருக்குச் சமமாக இருக்கிறதா இறங்கிவிடுகிறதா, ஒரு வண்டி வந்தால் எங்கே கால் ஊன்றி நிற்கலாம். உத்தமபாளையம் போய், சின்னமனூர் போய், வீரபாண்டி வரைக்கும் ரோட்டின் ஓரத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.