பீரங்கி இல்லாத டாங்கி

அதிகாரியின் மேசைக் கண்ணாடிமேல் சிஸ்டர் அந்த டாங்கியை வைத்தபோது டக்கென்று எழுந்த சின்னச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். பிளாஸ்டிக். பீரங்கி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெட்டி. பெட்டியின் இரு பக்கமும் சிவப்பில் கூட்டல் குறி. சக்கரச் சங்கிலி முழுக்க எங்கள் ஊர்ச் சேற்றின் நிறம். அதிகாரி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "அட, நீங்களே செஞ்சதா? பிரமாதம்மா!" என்றார். அன்றிலிருந்து யார் வாயில் "பிரமாதம்" வந்தாலும் எனக்கு உடம்பு எரிகிறது.

மலையில் தேவாலாவுக்கு அப்பால், மழை பிடித்தால் விடாத ஒரு ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் மருந்தாளுநராக இருந்தேன். சிஸ்டர் அங்கே ஸ்டாஃப் நர்ஸ். ஊரின் பெயரையும் அவர் பெயரையும் சொல்லப்போவதில்லை. மலைக்காரர்கள் படித்தால் தெரிந்துகொள்வார்கள், அது போதும். குன்னூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்தவர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்கள் இரண்டாம் முறை கேட்கவில்லை. நல்ல பேச்சுக்காரர், அதைவிட நல்ல சண்டைக்காரர். ஊசிக்கு அழுகிற குழந்தையிடம் மட்டும் குரலை இறக்குவார். மருந்து வரத்து தாமதமானால் மாவட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டு, "ஏனுங்க, காய்ச்சலை அடுத்த மாசம் வரச் சொல்லட்டுங்களா?" என்று கேட்பார். எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த குவார்ட்டர்ஸ். என்னை அம்மிணி என்றுதான் கூப்பிடுவார்.

அவர் வீட்டுக்குள் முதல்முறை போனபோது நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். சாமி படம் வைக்க வேண்டிய அலமாரியில் வரிசையாக டாங்கிகள். அவருடைய அப்பா ராணுவ அலுவலகம் ஒன்றில் சிவிலியன் ஊழியர். மாற்றலாகிப் போன ஒரு அதிகாரி வீட்டில் பாதி ஒட்டிய நிலையில் விட்டுச்சென்ற பிளாஸ்டிக் டாங்கியை மகளுக்குக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அன்று பிடித்தது. சம்பளம் வாங்கத் தொடங்கிய பிறகு வெளிநாட்டுப் பெட்டிகளையே வரவழைத்தார். பெட்டியைத் திறந்தால் பிளாஸ்டிக் சட்டங்களில் காய்கள்போலப் பாகங்கள் தொங்கும். ஒவ்வொன்றாக வெட்டி, விளிம்பைத் தேய்த்து, தூரிகையில் பசை தொட்டு ஒட்ட வேண்டும். ஒரே பெட்டியில் இரண்டு மூன்று வகை வண்டிக்கான பாகங்கள் இருப்பதால் ஒன்றைச் செய்து முடித்ததும் நிறைய மிஞ்சிவிடும். மிஞ்சியதையெல்லாம் ஒரு பழைய வர்க்கி பிஸ்கட் டப்பாவில் போட்டுவைப்பார். செய்வதில் மகா கறார். தகட்டில் ஆணித்தலை ஒன்றுகூடக் குறையக் கூடாது. இந்தப் பொழுதுபோக்கில் ஒரு கூட்டம் உண்டு, நடக்காத வரலாற்றைச் செய்பவர்கள். உலகப் போர் இன்னும் இரண்டு வருடம் நீண்டிருந்தால் ஒரு நாடு எப்படிப்பட்ட டாங்கி செய்திருக்கும் என்று கற்பனை பண்ணி மிச்சப் பாகங்களைக் கலந்து ஒட்டுவார்கள். சிஸ்டருக்கு அவர்களைக் கண்டால் ஆகாது. "நடந்ததையே நம்மளால சரியாச் செய்ய முடியல. நடக்காதது எதுக்குங்கறேன்?" என்பார்.

எங்கள் சுகாதார நிலையத்துக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் மேல் லைனுக்குப் போகிற பாதை தார்ச்சாலை முடிகிற இடத்தில் பிரிந்து செங்குத்தாக ஏறும். வெயில் காலத்தில் ஜீப் போகும். மழை தொடங்கிவிட்டால் அது பாதை இல்லை, சேற்று ஓடை. யார் போட வேண்டிய ரோடு என்று கேட்டால் தோட்டம் அரசாங்கத்தைக் காட்டும். அரசாங்கத்தில் ஒரு துறை இன்னொரு துறையைக் காட்டும். அந்தத் துறை, நிலம் யாருடையது என்ற வழக்கைக் காட்டும். அங்கே குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள். அதில் ஒரு பெரியம்மா மாத்திரை வாங்க வரும்போதெல்லாம் என்னிடம் சொல்வார்: "சிலோன்ல கூட எங்க லயத்து வாசல் வரைக்கும் லொறி வந்திச்சி தங்கச்சி. சொந்த நாட்டுக்குப் போறோம்னு கப்பல் ஏறி வந்தோம். இங்க நாங்கதான் லொறி."

அந்தப் பெரியம்மாவின் மகளுக்குத்தான் அது நடந்தது. தலைப்பிரசவம். தேதிக்கு முன்பே வலி கண்டுவிட்டது. பிடித்த மழை நிற்கவில்லை. மத்தியானம் ஆள் ஓடிவந்து சொன்னதும் சிஸ்டர் பையை எடுத்துக்கொண்டு நடந்தே மேலேறினார். நான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். அது வந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். தார் முடிகிற இடத்தில் வந்து நின்றது. அதற்குமேல் போக அதனால் முடியாது. லைன் வீட்டில் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது, பெண் குழந்தை. தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. ஊசி போட்டும் நிற்கவில்லை. கம்பளியைத் தொட்டில்போலக் கட்டி, மூங்கிலில் கோத்து, தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். முன்பக்கத் தோள் அந்தப் பெண்ணின் கணவருடையது. சிஸ்டர் சலைன் பாட்டிலைத் தலைக்கு மேலே பிடித்தபடி பக்கத்தில் வந்தார். வழுக்கியது. இறக்கி வைத்தார்கள், தூக்கினார்கள், மறுபடி இறக்கி வைத்தார்கள். கீழே நான் வண்டியின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். டிரைவர் எஞ்சினை அணைக்காமல் வைத்திருந்தார். திருப்பத்தில் அவர்கள் தெரிந்தபோது சிஸ்டரின் கை இறங்கியிருந்தது. பாட்டிலைக் கீழே தொங்கவிட்டபடி வந்தார். அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

நல்ல ரோட்டில் கால் மணி நேரம்கூட ஆகாத தூரம். அவள் வியாதியால் சாகவில்லை. சேற்றால் செத்தாள். ஆனால் அப்படி எழுத எந்தக் காகிதத்திலும் இடம் இல்லை.

பிறகு கொஞ்ச நாள் சிஸ்டர் யாரோடும் சண்டை போடவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீட்டில் பசை வாசனை வந்தது. போய்ப் பார்த்தால் வர்க்கி டப்பாவைப் பாயில் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கத்துக்கு ஒரு வண்டியின் சக்கரங்கள், மறுபக்கத்துக்கு வேறொன்றின் சக்கரங்கள். ஒரு சக்கரம் குறைந்தது, ஊசிமருந்துப் புட்டியின் அலுமினிய மூடியை வைத்து ஒட்டினார். மெல்லிய டிரிப் குழாயை வெட்டிப் புகைக்குழாய். மருந்து அட்டையைத் தகடாக வெட்டிப் பின்பக்கம் திறந்து மூடுகிற கதவு. உள்ளே, கட்டுப்போடுகிற காஸ் துணியில் ஒரு ஸ்ட்ரெச்சர், அதன் தலைமாட்டில் பாட்டில் மாட்டக் கொக்கி. கூரையை ஒட்டிவிட்டால் அந்தக் கொக்கி யார் கண்ணுக்கும் தெரியப்போவதில்லை. ஆனாலும் அதற்கு மட்டும் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்தார்.

"என்ன வண்டி சிஸ்டர் இது?"

"சண்டை முடிஞ்சப்ப உலகம் முழுக்க டாங்கி மிச்சம் கெடந்துச்சில்ல அம்மிணி? அதையெல்லாம் உருக்கி வித்துப்போட்டாங்க. ஒரே ஒரு நாடு மட்டும் விக்கல. பீரங்கியைக் கழட்டிப்போட்டு, மலைத் தோட்டத்துக்கெல்லாம் ஆம்புலன்ஸா அனுப்பிச்சிது. சேறு, ஓடை, எதுவும் இதை நிறுத்தாது. லைன் வாசல்ல போய் நிக்கும்."

"எந்த நாடு?"

"நம்ம நாடுதான்." பசை காய்வதற்காக ஊதினார். "நடக்காத வரலாறுன்னா என்னன்னு இப்பத்தான் எனக்குப் புரியுது."

அதைத்தான் குறைதீர் கூட்டத்துக்குக் கொண்டுபோனோம். மேல் லைன்காரர்கள் எத்தனையோ மனு கொடுத்துப் பார்த்தாயிற்று, மனுவை யாரும் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை, இதையாவது பார்க்கட்டும் என்பது சிஸ்டரின் கணக்கு. பார்த்தார்கள். அதுதான் கொடுமை. நிறையப் பார்த்தார்கள். சிஸ்டர் இறந்த பெண்ணைப் பற்றி, பாதையைப் பற்றி, மழையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்க, அதிகாரி கதவைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தார். பக்கத்து இருக்கைக்காரர்கள் எழுந்து வந்து போனில் படம் எடுத்தார்கள். யாரோ ஓடிப்போய்ப் பொன்னாடை கொண்டுவந்தார்கள். வேறு யாருக்கோ வாங்கி வைத்தது போலிருந்தது, மடிப்பில் விலைச்சீட்டு தொங்கியது. சிஸ்டர் "சார், ரோடு" என்று தொடங்கும்போது அது அவர் தோளில் விழுந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். "இது இங்கயே இருக்கட்டும் சிஸ்டர். வர்றவங்க பாக்கட்டும். பாக்கறப்பல்லாம் உங்க கோரிக்கையும் எங்களுக்கு ஞாபகம் வரும்" என்றார் அதிகாரி. சிஸ்டர் தோளிலிருந்த பொன்னாடையை எடுத்துப் பையில் திணித்தார். "ரோடு வேலை ஆரம்பிக்கிற வரைக்கும் இருக்கட்டுங்க" என்றார்.

மறுநாள் செய்தித்தாளில் படம் வந்தது. செவிலியரின் கைவண்ணம், வீணான பொருளில் விந்தை என்று ஏதோ போட்டிருந்தார்கள். இறந்தவளைப் பற்றி ஒரு வரி இல்லை. பாதையைப் பற்றி ஒரு சொல் இல்லை. எனக்குத் தெரிந்தவர்களே கூப்பிட்டு வாழ்த்தினார்கள். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டலாம், விரட்டியிருந்தால் வாசலில் உட்காரலாம். பாராட்டி அனுப்பினால் என்ன செய்வது? ஒரு சாவைக் கொண்டுபோய் முன்னால் வைத்தோம். அழகாக இருக்கிறது என்றார்கள். இத்தனை வருடம் கழித்தும் அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் ஆசைப்படவும் இல்லை.

வெயில் காலம் போனது. அளக்கக்கூட யாரும் வரவில்லை. அடுத்த மழை தொடங்கிய வாரம் சிஸ்டர், "லீவு சொல்லிப்போட்டு வா அம்மிணி" என்றார். இருவரும் பஸ் ஏறிப்போனோம். அலுவலகத்தின் முன்கூடத்தில், பிளாஸ்டிக் பூச்சாடிக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டியில் டாங்கி இருந்தது. கீழே அழகான எழுத்தில் ஒரு அட்டை: கழிவிலிருந்து கலை. சிஸ்டர் அதைப் படித்தார். பெட்டியைத் திறந்தார். டாங்கியை எடுத்தார்.

உதவியாளர் ஓடிவந்தார். "சார்கிட்ட கேக்காம எடுக்கக் கூடாதுங்க."

"ரோடு வந்துருச்சுங்களா?"

"அது எனக்கெப்படிங்க தெரியும்?"

"வரல. அப்ப வண்டி எங்களுக்குத்தான வேணும்?"

சத்தம் கேட்டு அதிகாரியே வெளியில் வந்துவிட்டார். "என்ன சிஸ்டர், எதுக்கு இவ்வளவு கோபம்? ஃபைல் நடந்துட்டுத்தான் இருக்கு."

"நடக்கட்டும் சார். எங்கூர்ல ஆளுங்களும் அப்படித்தான் வந்து சேர்றாங்க, நடந்து."

பையிலிருந்து பொன்னாடையை எடுத்து, விலைச்சீட்டு வெளியே தெரிகிறாற்போல மடித்து, காலியான கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூடினார். திரும்பி வரும் பஸ்ஸில் டாங்கியை நான்தான் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

விளக்கம் கேட்டு ஓலை வந்தது. அடுத்து, சோலூர்ப் பக்கம் மாற்றல். இது தண்டனை என்று யாரும் சொல்லவில்லை, நிர்வாகக் காரணம் என்றார்கள். நானும் அதற்குப் பிறகு சமவெளிக்கு வந்துவிட்டேன். இங்கே நான் வேலை பார்க்கும் மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வழவழப்பான தரையில் சத்தமில்லாமல் வந்து நிற்கின்றன. மேல் லைன் பாதை இன்றைக்கும் மண்தான். போன மழையிலும் ஒருவரைக் கம்பளியில் தூக்கி வந்ததாக அங்கிருந்து போன் வந்தது. அவர் பிழைத்துக்கொண்டாராம். அதை ஒரு சாதனைபோலச் சொல்கிறார்கள், நானும் சந்தோஷப்படுகிறேன், பிறகு சந்தோஷப்பட்டதற்காகவே கோபம் வருகிறது.

சோலூருக்குப் போகச் சாமான் கட்டுவதற்கு முந்தின நாள் சிஸ்டர் டாங்கியை எடுத்துக்கொண்டு மேல் லைனுக்கு ஏறினார். நானும் போனேன். அந்தப் பெண்ணின் கணவர் வேலை முடிந்து வந்திருந்தார். குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது. அவர் அதிகம் பேசாத மனிதர். டாங்கியை வாங்கி, சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அதிகாரி செய்ததுபோலவே பின்கதவைத் திறந்தார். ஆனால் மூடவில்லை. வெளிச்சத்துக்காக வாசல்பக்கம் திரும்பி, கண்ணை ஒட்டவைத்து உள்ளே நெடுநேரம் பார்த்தார்.

"படுக்க எடம் இருக்கு. பாட்டில் மாட்ட இருக்கு" என்றார். பிறகு, "கூட வர்ற ஆள் எங்க சிஸ்டர் உக்கார்றது?" என்று கேட்டார்.

சிஸ்டர் குனிந்து அந்தக் கதவுக்குள் பார்த்தார்.

"அன்னிக்கு நான் முன்னாடி தூக்கிட்டு வந்தேன்ல. அவ மொகத்த என்னால பாக்க முடியல. திரும்புனா வழுக்கிரும். பின்னால சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டே இருந்திச்சி. அப்பறம் அதுவும் கேக்கல."

ஆணித்தலைக்குக் கணக்கு வைக்கிற மனுஷி. அவருக்கு அது தோன்றவே இல்லை. எனக்கும்தான். சிஸ்டர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தார். பையிலிருந்து கட்டுத்துணி வெட்டுகிற பிளேடை எடுத்தார். ஒட்டி, தேய்த்து, சாயம் பூசி முடித்த கூரையின் விளிம்பில் அதை வைத்து அழுத்தினார். பிளாஸ்டிக் கீறிக்கொண்டு வந்தது. கண்ணீர் வடிந்துகொண்டிருந்தது, பிளேடு மட்டும் விளிம்பைவிட்டு விலகவில்லை. கூரையைப் பெயர்த்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"எந்தப் பக்கம்ங்க வெக்கட்டும்?"

அவர் குனிந்து, விரலால் தொட்டுக் காட்டினார். "தலைமாட்டுல."