அமுதவள்ளியின் ஞாயிற்றுக்கிழமை மேசை

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய அடுக்குமாடியின் ஏழாவது மாடியில் குடியிருக்கும் அமுதவள்ளிக்குப் பகடை உருட்டத் தெரியும் என்பது, அவருடைய பேத்தி அழுததால்தான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. மரப் பலகையில் இரண்டு பகடைகள் விழும் ஓசைக்கு அந்தக் கைக்குழந்தை ஒவ்வொரு முறையும் விழித்துக்கொண்டது. ஞாயிறு மதியம் கண்ணயரும் வீடுகள் அத்தனைக்கும் அழுகை கேட்டது.

"வெளையாடுங்க அத்தை, நான் வேணாம்னு சொல்லல," என்றாள் மருமகள் தாமரை. "ஒரு துண்ட விரிச்சு அதுமேல உருட்டுங்க."

துண்டு விரித்து ஒரு வாரம் ஆடிப் பார்த்தார்கள். எதிரே உட்கார்ந்து ஆடிய பஹ்ராமுக்குப் பிடிக்கவில்லை. அவர் அதே ஊரில் உலர்பழக் கடை வைத்திருக்கும் ஈரானியர். சத்தமில்லாத பகடை சீனி போடாத தேநீர் என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை.

அமுதவள்ளிக்கு அது பெரிய இழப்பு. அறுபத்து மூன்று வயதில், முழங்கால் அறுவைக்குப் பிறகு, அவருடைய வாரத்தில் அவருக்கென்று மிச்சமிருந்தது அந்த ஞாயிறு மட்டும்தான்.

அவர் கிள்ளானில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு முடிந்ததும் போர்ட் கிள்ளானில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் தட்டச்சுப் பெண்ணாகச் சேர்ந்தார். கப்பலில் ஏறிக் கேப்டனிடம் கையெழுத்து வாங்கும் ஆள் ஒருநாள் வேலைக்கு வரவில்லை. இவரை அனுப்பினார்கள். ஆடுகிற ஏணியில் ஏறிப் போனால், துருக்கிக் கேப்டன் தன் என்ஜினியரோடு ஆட்டத்தில் இருந்தார். "உட்கார்" என்று கையைக் காட்டிவிட்டுப் பகடையை உருட்டினார். ஆட்டம் முடிகிற மாதிரி இல்லை. வேறு வேலை இல்லாததால் அமுதவள்ளி பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்து நான்கு முக்கோணங்கள். ஆளுக்குப் பதினைந்து காய்கள். ஒருவர் இப்படிச் சுற்றி வருகிறார், மற்றவர் அப்படிச் சுற்றி வருகிறார். தனியாக நிற்கும் காய் அடிபடுகிறது. வீடு வந்து சேர்ந்த காய்களை முதலில் வெளியே எடுப்பவர் வெல்கிறார். இவ்வளவும் புரிந்துபோன நேரத்தில் என்ஜினியர் ஒரு காயைத் தவறாக நகர்த்த, அமுதவள்ளி தன்னையறியாமல் "ச்சு" கொட்டினார். கேப்டன் விழுந்து விழுந்து சிரித்தார். என்ஜினியரை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியை இவருக்குக் கொடுத்தார்.

அன்று தோற்றார். அடுத்த கப்பலிலும் தோற்றார். ஏறக்குறைய ஒரு வருடம் எல்லா நாட்டுக் கப்பல்களிலும் தோற்றார். அலுவலகத்தில் கையெழுத்து ஏன் தாமதமாகிறது என்று கேட்டால், "கேப்டன் தூங்கிட்டாரு" என்பார். அந்தத் துறைமுகத்துக்கு வந்த கேப்டன்களைப் போல் தூங்குமூஞ்சிகள் உலகில் இல்லை என்று அவருடைய மேலாளர் கடைசிவரை நம்பினார்.

பேக்கமன் என்று ஆங்கிலத்தில் சொல்லப்படும் அந்த ஆட்டத்தின் வரலாற்றை அவர் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கப்பல் கப்பலாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஆகவே அவருக்குத் தெரிந்த வரலாறு நேராகப் போகாது. கிரேக்கர் எங்களுடையது என்றார். துருக்கியர் எங்களுடையது என்றார். சிரியாக்காரர் இருவரையும் பார்த்துச் சிரித்தார். ஈராக்கிலிருந்து வந்த ஒரு சமையல்காரர், தங்கள் மண்ணில் நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு முந்தைய ஆட்டப் பலகையைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள் என்று சொல்லி எல்லோர் வாயையும் அடைத்தார். அது இதே ஆட்டம்தானா, வெறும் தூரத்து உறவா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. ரோமாபுரிச் சக்கரவர்த்தி ஒருவருக்கு விழுந்த மோசமான பகடை எண்களை ஒரு கவிஞர் எழுதிவைத்ததால், ஆயிரத்து ஐந்நூறு ஆண்டு கழித்தும் அந்தத் தோல்வி மறக்கப்படவில்லை என்பது ஒரு கிரேக்கர் சொன்னது. அமுதவள்ளிக்கு அதில்தான் மிகுந்த ஆறுதல்.

"எங்க ஆட்டம்னு எல்லாரும் சண்டை போடுவாங்க," என்பார். "ஆனா துருக்கிக்காரன், அரபுக்காரன், யாரு பகடைய உருட்டினாலும் எண்ணுறது பாரசீகத்துல. அப்ப யாரு வீட்டுச் சாமான்? நீங்களே சொல்லுங்க."

இதைச் சொன்னால் பஹ்ராமுக்கு உச்சி குளிரும். தன் பங்குக்கு அவர் ஒரு பழங்கதை சொல்வார். இந்திய அரசர் ஒருவர் பாரசீகத்துக்குச் சதுரங்கத்தை அனுப்பி, முடிந்தால் விதிகளைக் கண்டுபிடியுங்கள் என்றாராம். பாரசீக மந்திரி கண்டுபிடித்துவிட்டார். பதிலுக்கு நர்த் என்ற இந்த ஆட்டத்தை இந்தியாவுக்கு அனுப்பினார். முப்பது காய்கள் மாதத்தின் முப்பது நாள், வெள்ளை பகல், கறுப்பு இரவு, பகடை விதி. அறிவு மட்டும் போதும் என்கிறது உங்கள் சதுரங்கம், போதாது என்கிறது எங்கள் நர்த். இந்தியப் பண்டிதர்கள் நாற்பது நாள் யோசித்தும் அவர்களுக்கு விளங்கவில்லையாம்.

"கமிட்டி போட்டிருப்பாங்க லா," என்பார் அமுதவள்ளி. "அதான் லேட்டு."

பணி ஓய்வுக்குப் பிறகு அவர் மகனோடு பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தார். பஹ்ராம் ஞாயிறுகளில் வந்துபோனார். பழக்கமான கப்பல் ஏதாவது வந்தால், அதிலிருந்து ஒருவரோ இருவரோ போர்ட் கிள்ளானில் ரயிலேறி இங்கே வந்துவிடுவார்கள். இப்போது குழந்தை தூங்க வேண்டியிருந்தது. பகடைக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது.

கீழ்த்தளத்தில் குடியிருப்போருக்கான பொது மண்டபம் ஒன்று உண்டு. சனிக்கிழமை அங்கே சதுரங்கம் நடக்கும். ஞாயிறு காலியாகக் கிடக்கும். வாசல் பலகையில் மூன்று பொருள்களுக்குத் தடை எழுதியிருக்கும்: சூதாட்டம், மது, வாடை வீசும் டுரியான் பழம்.

நிர்வாகக் குழுவின் தலைவர் சிவசம்பு. யாழ்ப்பாணத்துக் குடும்பம், நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், எழுபத்திரண்டு வயது. சனிக்கிழமைச் சதுரங்கம் அவருடையதுதான். அமுதவள்ளி விண்ணப்பத்தோடு கூட்டத்துக்குப் போனபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பகடை எண்டால் சூதுதான், தங்கச்சி. பகடையால இராச்சியம் போன கதை நம்மட ஆக்களுக்குத் தெரியாததோ?"

"பகடையால போகல சார். எந்திரிச்சுப் போக மனசில்லாததால போச்சு. நாங்க காசு வச்சு ஆடுறதில்ல. டுரியானையும் வெளியவே விட்டுட்டு வந்திருக்கேன்."

குழுவின் செயலாளர் குகன் சிரிப்பை அடக்கினார். வாடகைக் கார் ஓட்டும் அவருக்குக் கூட்டம் சீக்கிரம் முடிந்தால் போதும்.

"காசைப் பற்றிய கதை இல்லை," என்றார் சிவசம்பு. "சதுரங்கத்தில தோத்தால் என்ர பிழை. இதில தோத்தால் ஆரின்ர பிழை? அதிர்ஷ்டத்தை நம்பிற விளையாட்டு மனுசனைச் சோம்பேறியாக்கும்."

இதைச் சாதாரணப் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. தன் தோல்விக்குத் தானே பொறுப்பேற்கும் மனிதன் மதிக்கத்தக்கவன்தான். ஆனால் தான் பொறுப்பேற்க முடியாதவையும் தன்னை வந்து சேரும் என்பதை அந்த மனிதன் எங்கே பழகிக்கொள்வது? அமுதவள்ளி இப்படியெல்லாம் கேட்கவில்லை. அவர் கேட்டது இன்னும் சுருக்கமானது.

"வெறும் லக்குதான்னா, உங்களுக்கும் எனக்கும் சரிபாதி சான்ஸு. வந்து ஆடுங்களேன்."

சிவசம்பு யோசித்துவிட்டு நிபந்தனை சொன்னார். ஒரு வாரம் ஆட்டத்தைப் பழகுவது. அடுத்த ஞாயிறு நான்கு மணிக்கு மண்டபத்தில் ஒரே ஓர் ஆட்டம். இத்தனை வருடம் ஆடிய அமுதவள்ளி வென்றால் அது திறமை, மண்டபம் அவருக்கு. ஒரு வாரம் பழகிய ஆள் வென்றால் அது அதிர்ஷ்டம், தடை தடைதான்.

ஓர் ஆட்டம் எதையும் நிரூபிக்காது, ஏழு ஆட்டமாவது வேண்டும் என்று அமுதவள்ளிக்கு நன்றாகத் தெரியும். ஆனால் குகன், "ஏன்க்கா, பயமா?" என்று கேட்டுவிட்டார்.

"ஒன்னே போதும்," என்றார் அமுதவள்ளி. மூளையைவிட வாய் வேகமாக நகர்வது அவருடைய பழைய குறை. அவரை மேதை என்று சொல்லத் தயங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்த ஞாயிறு மண்டபத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. செய்தி கேட்டுப் பஹ்ராம் ஒரு பொட்டலம் பிஸ்தாவோடு வந்திருந்தார். சிவசம்புவின் மனைவி கனகேஸ்வரி ஒரு தட்டு வடை கொண்டுவந்து இரு தரப்புக்கும் நடுவில் வைத்தார்.

ஆட்டம் தொடக்கத்திலிருந்தே ஒருதலையாக இருந்தது. அமுதவள்ளியின் காய்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து வழியை அடைத்தன. சிவசம்பு ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முன் உதட்டுக்குள் கணக்குப் போட்டார். கணக்கு மும்முரத்தில், அமுதவள்ளியின் பக்கம் கிடந்த தன் ஒற்றைக் காயை அடியோடு மறந்துபோனார். மறந்த காய் அங்கேயே கிடந்தது. அமுதவள்ளி அவசரத்தில் ஒரு காயைத் தனியாக விட்டபோது, பகடை அந்த மறந்த காயைத்தான் எழுப்பிவிட்டது.

"அடிச்சாச்சு!" என்று கத்தினார் சிவசம்பு. தன் குரல் தனக்கே அந்நியமாகப் பட்டதோ என்னவோ, உடனே இருமினார்.

அப்படியும் அமுதவள்ளி மீண்டு வந்தார். கடைசியில் அவருக்கு இரண்டே காய்கள் மிச்சம். அடுத்து எது விழுந்தாலும் இரண்டும் வெளியே போய்விடும். சிவசம்புவுக்கு நான்கு காய்கள், நான்கும் ஆறாம் கட்டத்தில். முறை சிவசம்புவுடையது. ஒரே எண் இரட்டையாக விழுந்தால் நான்கு காய்களை நகர்த்தலாம். அதுவும் ஆறாக இருந்தால் நான்கையும் எடுத்துவிடலாம். முப்பத்தாறில் ஒரு வாய்ப்பு. வேறு எதுவும் உதவாது.

அமுதவள்ளி ஒரு வடையை எடுத்துக் கடித்தார். சிவசம்பு பகடையை உருட்டினார்.

ஆறு. ஆறு.

பிஸ்தா உரிக்கும் சத்தம்கூட நின்றுவிட்டது. வடை அமுதவள்ளியின் வாயிலேயே இருந்தது. மண்டபம் போய்விட்டது, ஞாயிறும் போய்விட்டது. அவர் மெல்லக் காய்களை அடுக்கத் தொடங்கினார்.

"செம லக்கு லா சார்!" என்று குதித்தார் குகன். "இன்னைக்கே லாட்டரி நம்பர் எடுங்க, கண்டிப்பா அடிக்கும்!"

சிவசம்புவின் முகம் மாறியது.

"லக்கோ? எது லக்கு?"

"இல்ல சார், டபுள் சிக்ஸ்..."

"கடைசி உருட்டலை மட்டும் பாக்கிறீர். அதுக்கு முன்னம் நான் போட்ட திட்டம் உமக்குத் தெரியுமோ? அந்த ஒற்றைக் காயை வேணுமெண்டுதான் பின்னுக்கு வச்சனான். அவ அவசரப்படுவா எண்டு பார்த்துக்கொண்டு இருந்தனான். அது அடிச்சபடியால்தான் ஆட்டம் கடைசி மட்டும் வந்தது. எல்லாம் கணக்கு!"

பலகையில் காய்களை மறுபடி வைத்து, எந்த இடத்தில் என்ன யோசித்தார் என்று விளக்கத் தொடங்கினார். அவர் யோசிக்காதவையும் அந்த விளக்கத்தில் தாராளமாக இடம்பெற்றன. அமுதவள்ளி வாயைத் திறக்கப் போனார். பஹ்ராம் மேசைக்கடியில் அவர் காலைத் தட்டினார்.

கனகேஸ்வரி காலித் தட்டை எடுத்துக்கொண்டார்.

"அப்ப இது மூளை விளையாட்டு எண்டுறியள்."

"வேற என்ன?"

"அப்ப சூது இல்லை."

சிவசம்பு நிமிர்ந்தார்.

"சிவனும் பார்வதியும் பகடை உருட்டிச் சொக்கட்டான் ஆடினவை எண்டு கோயில்ல சொல்லேக்க ஆடி ஆடித் தலையாட்டினியள். இஞ்ச மட்டும் என்ன தடை? லக்கு எண்டால் நீங்கள் வெல்லயில்லை. கணக்கு எண்டால் மண்டபத்தைக் குடுங்கோ. ஏதாவது ஒண்டைச் சொல்லுங்கோவன்."

மண்டபமே அவரைப் பார்த்தது. ஒரு பக்கம் தடை, ஒரு பக்கம் வெற்றி. இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது. வாழ்நாள் முழுவதும் அதிர்ஷ்டத்தை வெறுத்த மனிதரிடம், உங்கள் வெற்றியை அதிர்ஷ்டம் என்று கையெழுத்திட்டுக் கொடுங்கள் என்று கேட்டது போலாயிற்று.

சிவசம்பு கண்ணாடியைத் துடைத்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து மண்டபச் சாவியை எடுத்து மேசையில் வைத்தார்.

"வாற ஞாயிறும் நாலு மணியோ, தங்கச்சி?"

"நாலு மணிதான் சார்," என்றார் அமுதவள்ளி. தோற்றதில் அவருக்கு எரிச்சல் இருந்தது. வேண்டுமென்று தோற்றதாக யாராவது சொன்னால் இன்றும் சண்டைக்கு வருவார். "ஆனா இனிமே ஏழு ஆட்டம்."

இப்போது ஞாயிறுகளில் அந்த மண்டபத்தில் பகடைச் சத்தம் கேட்கிறது. ஏழாவது மாடியில் குழந்தை தூங்குகிறது. போன மாதம் ஒரு துருக்கி மாலுமி ரயிலில் வந்து இறங்கி ஆடியபோது, ஆறும் ஐந்தும் விழுந்ததும் சிவசம்பு பாதிப் பாரசீகமும் பாதித் துருக்கியுமாக "சேஷ் பேஷ்!" என்று யாழ்ப்பாணத் தொனியில் கூவினார். மாலுமி எழுந்து அவரைக் கட்டிக்கொண்டார். பஹ்ராம், இந்தியப் பண்டிதர்களுக்கு ஒருவழியாக நர்த் விளங்கிவிட்டது என்று அறிவித்தார்.

சிவசம்பு பெரும்பாலும் தோற்கிறார்.

"பகடை சரியில்லை, தங்கச்சி. வெறும் அதிர்ஷ்டம்."

"ஆமா சார்," என்று காய்களை அடுக்குகிறார் அமுதவள்ளி. "நீங்க ஜெயிச்சா மட்டும்தான் கணக்கு."